பால் ஹாக்கர்: சங்கரர் நூல்களைச் சோதிக்கும் முறையும் அதன் எல்லையும்

குறிஞ்சிமுகில்:
விவேகசூடாமணி ஆதிசங்கரர் எழுதியதல்ல என்று யாராவது சொன்னால் பின்னாலேயே ஜெர்மன் இந்தியவியல் அறிஞர் பால் ஹாக்கர் பெயர் வந்துவிடுகிறது. விவேகானந்தரை ‘நவ இந்து மதம்’ என்று ஒதுக்குகிறவர்களும் அதே பெயரைத்தான் இழுக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளா? அவருடைய சோதனை என்பது சரியாக என்ன? பாஷ்யம் (சங்கரரின் சமஸ்கிருத விரிவுரை) மெதுவாகப் படிக்கும் அளவுக்கு சமஸ்கிருதம் தெரிந்தவர் அதைத் தாமே ஒரு நூலில் போட்டுப் பார்க்க முடியுமா? ஜெர்மன் தெரியாது.

சுவடிக்கட்டு:
ஒரே ஆள்தான். 1913-இல் பான் நகருக்கு அருகே ஸீல்ஷைடில் பிறந்தவர். முதல் முனைவர் பட்டம் இந்தியவியலில் அல்ல. ருஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் எழுத்துமுறை பற்றி, பெர்லினில், 1940-இல். ஒரு எழுத்தாளன் எந்தச் சொல்லை எங்கே, எப்படிப் புழங்குகிறான் என்று பார்க்கிற பழக்கத்தோடுதான் வேதாந்தத்துக்குள் வருகிறார். போருக்குப் பிறகு பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தகுதிக்கான ஆய்வு, சங்கரரின் சீடர்கள் பற்றி. 1954-இல் பீகாரில் தர்பங்காவின் மிதிலா ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். 1955 முதல் பானில் பேராசிரியர், 1963 முதல் மூன்ஸ்டரில். 1962-இல் லூத்தரன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறினார். 1979-இல் இறந்தார்.

உங்களுக்கு வேண்டிய பகுதி 1947-க்கும் 1953-க்கும் இடையில் இருக்கிறது. 1947-இல் நூல் முடிவுரைகள் பற்றிய கட்டுரை, 1950-இல் அவித்யை (அறியாமை), நாமரூபம் (பெயரும் வடிவமும்), மாயை, ஈச்வரன் என்ற நான்கு சொற்களைப் பற்றிய நீண்ட கட்டுரை, 1953-இல் விவர்த்தம் (பிரம்மம் மாறாமலே உலகாகத் தோன்றுவது) பற்றிய நூல். ஜெர்மன் தெரியாவிட்டால் பாதகமில்லை. வில்ஹெல்ம் ஹால்ப்ஃபாஸ் 1995-இல் கொண்டுவந்த ஆங்கிலத் தொகுப்பில் முக்கியமான கட்டுரைகள் இருக்கின்றன.

குறிஞ்சிமுகில்:
நன்றி ஐயா. அந்த நான்கு சொல் சோதனையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன்.

சுவடிக்கட்டு:
முதலில் அளவுகோல். ‘சங்கரர் என்றால் பிரம்மசூத்திர பாஷ்யத்தை எழுதியவர்’ என்று வைத்துக்கொள்கிறார். மற்ற எல்லா நூலும் அதோடு ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். மடங்களின் மரபுக் கதைகளும் சங்கர விஜயங்கள் என்ற வாழ்க்கை வரலாற்று நூல்களும் சாட்சிக் கூண்டுக்கே வரவில்லை.

இனி சொற்கள். பிரம்மசூத்திர பாஷ்யத்தில் அவித்யை என்பது ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றிப் பார்க்கும் பிழைதான், அதாவது அத்யாஸமே. மனிதனிடம் உள்ள குற்றம். உலகத்துக்கு மண்போல இருக்கும் மூலப்பொருள் அல்ல. அதனால் ‘அவித்யாகல்பித’, ‘அவித்யாக்ருத’, ‘அவித்யாப்ரத்யுபஸ்தாபித’ போன்ற தொகைச்சொற்கள் நிறைய வரும். அவித்யைக்கு ஜடம் (உணர்வற்றது), பாவரூபம் (உள்பொருளாக இருப்பது) போன்ற அடைமொழிகள் வராது. ஆவரண (மறைக்கும்) சக்தி, விக்ஷேப (பலவாகத் தோற்றுவிக்கும்) சக்தி என்ற பிரிப்பு வராது. பின்வந்தோர் பக்கம் பக்கமாக விவாதித்த ‘அவித்யை யாரைச் சார்ந்தது’ என்ற கேள்வியையும் அவர் வளர்ப்பதில்லை. 4.1.3-இல் ‘இந்த அறியாமை யாருக்கு?’ என்று எதிராளி கேட்டால், ‘கேட்கிற உனக்குத்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறார். அத்வைத நூல்களில் எனக்குத் தெரிந்து இவ்வளவு சுருக்கமான கதவடைப்பு வேறு இல்லை.

‘அநிர்வசனீயம்’ என்ற சொல்லை அவர் பயன்படுத்துகிறார். ஆனால் அதை ஏற்றுவது நாமரூபத்தின் மேல். 1.1.5-இலும் 2.1.14-இலும் பாருங்கள்: ‘தத்த்வாந்யத்வாப்யாம் அநிர்வசநீயே நாமரூபே’. பிரம்மமே என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது என்பது பொருள். உலகின் விதை நிலைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் நாமரூபம். பின்வந்த அத்வைதிகள் அந்த இடத்தில் அவித்யையை உட்காரவைத்துவிட்டார்கள். நாமரூபம் மெல்ல மறைந்துபோனது.

மாயை அவரிடம் பெரும்பாலும் மாயாவி, இந்திரஜாலம் என்ற உவமைகளை ஒட்டி வரும். கோட்பாட்டின் தூணாக அந்தச் சொல் நிற்பதில்லை. ஈச்வரன், பரமேச்வரன் என்ற சொற்களைப் பரப்பிரம்மம், பரமாத்மா என்பவற்றோடு மாற்றி மாற்றிப் புழங்குவார். ‘மாயையை உபாதியாக (எல்லைப்படுத்தும் துணையாக) கொண்ட கீழ்நிலை பிரம்மமே ஈச்வரன்’ என்ற கறாரான பாகுபாடு பிந்தையது. இவை தவிர மூன்று: விவர்த்தம் அவரிடம் கலைச்சொல் அல்ல, ஆனந்தத்தை பிரம்மத்தின் இலக்கணமாகச் சொல்ல அவர் தயங்குகிறார், ‘ஸச்சிதானந்தம்’ என்ற கூட்டுச்சொல் வராது.

பாமதிவழி:
அழகாகத்தான் இருக்கிறது. 1.4.3-ஐ என்ன செய்வீர்கள்? ‘அவித்யாத்மிகா ஹி ஸா பீஜசக்தி: அவ்யக்தசப்தநிர்தேச்யா பரமேச்வராச்ரயா மாயாமயீ மஹாஸுப்தி:’. அவித்யை இருக்கிறது, விதைச் சக்தி இருக்கிறது, அது பரமேச்வரனைச் சார்ந்திருக்கிறது, மாயாமயம் என்றும் சொல்லியாகிவிட்டது. பின்வந்தவர்கள் சொன்னது எல்லாம் ஒரே வாக்கியத்தில் கிடக்கிறதே. அளவுகோலே வளைந்தால்?

சுவடிக்கட்டு:
கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு பதில். ஒன்று, அந்த இடத்தில் அவர் கடோபநிஷத்தின் ‘அவ்யக்தம்’ என்ற சொல்லை ஸாங்கியரின் பிரதானத்திலிருந்து (உலகின் மூலப்பொருள் என்று அவர்கள் சொல்வது) பிடுங்கி எடுக்கவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். எதிராளியின் சொல்லை வாங்கித் தன் பொருளை அதில் ஊற்றுகிறார். இரண்டு, அங்கேயும் இலக்கணம் சொல்லப்படுவது பீஜசக்திக்குத்தான், அவித்யைக்கு அல்ல. ஹாக்கர் சொன்னது ‘பெரும்பான்மைப் புழக்கம்’ பற்றி. ஒரு விதிவிலக்கு அதை உடைக்காது.

பாமதிவழி:
பெரும்பான்மை என்றால் சரி. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிந்தையவர்கள் வீடு கட்டினார்கள். அவர்கள் எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. உள்ளே கிடந்ததை வளர்த்தார்கள். ஹாக்கரை வாசிக்கிற பலர் ‘சீடர்கள் குருவைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். அவருடைய தரவு அவ்வளவு தூரம் போகாது.

நடுப்பக்கம்:
மாற்றம் எந்த இடத்தில் நடந்தது என்பதை ஹாக்கர் காட்டும் விதம் அருமையானது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அத்யாஸ பாஷ்யத்தின் தொடக்கத்தில் ‘மித்யாஜ்ஞாநநிமித்த:’ என்று வருகிறது. ‘தவறான அறிவைக் காரணமாகக் கொண்டது’ என்பதுதான் நேரான பொருள். பஞ்சபாதிகை என்ற உரையில் சங்கரரின் சீடர் பத்மபாதர் அதை மித்யா + அஜ்ஞானம் என்று பிரிக்கிறார். மித்யா என்றால் அநிர்வசனீயம், அஜ்ஞானம் என்றால் ஜடமான அவித்யா சக்தி என்கிறார். புணர்ச்சி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த ஒரு பிரிப்பில் பிழை பொருளாகிவிடுகிறது. பஞ்சபாதிகையின் வழிவந்த விவரண மரபு முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

இன்னொன்று. இதே கருத்தை ஹாக்கருக்கு முன்பே, பின்னாளில் சந்நியாசியான ஒருவர் சொல்லிவிட்டார். கர்நாடகத்தின் ஹொளெநரஸீபுரத்து ஸச்சிதானந்தேந்திர ஸரஸ்வதி, 1929-இல் வந்த மூலாவித்யா நிராஸம் என்ற சமஸ்கிருத நூலில். மூலாவித்யை (உலகுக்கு மூலமான அவித்யை) என்ற கருத்தே சங்கரருடையது அல்ல என்பது அவர் வாதம். ஆகவே ‘இது வெள்ளைக்காரன் கிளப்பிய சந்தேகம்’ என்று தள்ளிவிட முடியாது.

பாமதிவழி:
அவரை மரபுப் பண்டிதர்கள் அப்போதே மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்புக்கொள்கிறேன், அது உள்வீட்டுச் சண்டை.

குறிஞ்சிமுகில்:
முடிவுரைச் சோதனை என்று ஒன்று சொன்னீர்களே, அது?

சுவடிக்கட்டு:
சுவடியின் கடைசியில் ‘இன்னார் சீடர் இன்னார் இயற்றிய இன்ன நூல் முற்றும்’ என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, அதைப் பார்ப்பது. சங்கராசாரியார் என்பது பிற்காலத்தில் மடாதிபதிகளின் பட்டமாகிவிட்டது. அந்தப் பட்டத்தோடு யாரோ ஒரு சங்கராசாரியார் எழுதிய துதியும் ஆதிசங்கரர் கணக்கில் விழுந்துவிடும். நேர்ச்சீடர்களும் அவர்களை ஒட்டியவர்களும் ‘பகவான்’, ‘பகவத்பாதர்’, ‘பகவத்பூஜ்யபாதர்’ என்றே குறிப்பிட்டார்கள். ஆகவே சுவடி அட்டவணைகளில் எந்த நூலுக்கு எந்தப் பெயர் அதிகமாக வருகிறது என்று ஹாக்கர் கணக்கெடுத்தார். பிரம்மசூத்திர பாஷ்யம், பழைய உபநிஷத்துகளின் பாஷ்யங்கள், கீதா பாஷ்யம், உபதேச ஸாஹஸ்ரீ எல்லாம் பகவத் பக்கம் விழுந்தன.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. விவேகசூடாமணியின் அச்சுப் பதிப்புகளைத் திறந்து பாருங்கள்: ‘கோவிந்த பகவத்பூஜ்யபாத சிஷ்யரான ஸ்ரீமத் சங்கரபகவத்பாதர் இயற்றியது’ என்ற பாணியில்தான் முடியும். அதாவது தேறிவிடும்! 1910-இல் ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகம் 20 தொகுதிகளில் சங்கரர் நூல்களை அழகாகக் கொண்டுவந்தது. அத்தகைய தொகுப்புகளில் முடிவுரைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். அச்சுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்வதில் அர்த்தமே இல்லை. சுவடிகளின் விவர அட்டவணைக்குப் போயாக வேண்டும்.

நடுப்பக்கம்:
விவேகசூடாமணியில் விழுவது உள்ளடக்கம்தான். ரஜஸின் விக்ஷேப சக்தி, தமஸின் ஆவரண சக்தி இரண்டும் தனித்தனிப் பாடல்களாக வருகின்றன. ‘அவ்யக்தநாம்நீ பரமேசசக்தி: அநாத்யவித்யா த்ரிகுணாத்மிகா’ என்று மாயையும் அவித்யையும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த பாடலிலேயே உள்ளதுமல்ல, இல்லாததுமல்ல, ‘அநிர்வசநீயரூபா’ என்று முடிகிறது. கூடவே, கனவுக்கும் விழிப்புக்கும் வேறுபாடில்லை என்கிறது. பிரம்மசூத்திர பாஷ்யம் 2.2.29-இலோ பௌத்தரை மறுக்கும்போது விழிப்பு கனவு போன்றதல்ல என்று சங்கரர் வாதிடுகிறார். ஹார்வர்டில் இருந்த டேனியல் இங்கால்ஸ் 1950-களின் தொடக்கத்தில் இவற்றை அழுத்திச் சொன்னார். விவேகசூடாமணி விவகாரத்தில் ஹாக்கரைவிட இங்கால்ஸ் பெயரைச் சொல்வதுதான் நியாயம்.

பாமதிவழி:
மாணவனுக்குச் சொல்லும் பிரகரண நூலில் சொல் தளர்வாக இருக்காதா? பாஷ்யத்தின் கறார் செய்யுளில் எப்படி வரும்?

சுவடிக்கட்டு:
வராமல் போகலாம். ஆனால் உபதேச ஸாஹஸ்ரீயும் மாணவனுக்கான நூல்தான், அதிலும் செய்யுள் பகுதி இருக்கிறது, அது சோதனையில் தேறுகிறது. தளர்வு வேறு, பிந்தைய கலைச்சொல் முன்கூட்டியே வந்து நிற்பது வேறு.

தேடுபொறி:
கணினியில் செய்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் கிரெட்டில் தளத்தில் பாஷ்ய மூலங்கள் இருக்கின்றன. தேவநாகரி மின்னுரையில் ‘அவித்யா’ என்று தேடினால் பல இடங்கள் தப்பிவிடும். ‘ந + அவித்யா’ சேர்ந்து ‘நாவித்யா’ ஆகிவிடும். ‘ச + அவித்யா’ ‘சாவித்யா’. அகர எழுத்தே அங்கே இருக்காது. ஆகவே ‘வித்ய’ வரை மட்டும் தேடி, வருவதையெல்லாம் கையால் பிரிக்க வேண்டும். ‘வித்யதே’ என்ற வினைச்சொல் கூட்டமாக வந்து விழும், அதைக் கழிக்க வேண்டும். ‘வித்யாவித்யே’ போன்ற கூட்டுகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். ‘அஜ்ஞானம்’, ‘மித்யாஜ்ஞானம்’, ‘மித்யாப்ரத்யயம்’ ஆகியவற்றையும் சேர்க்காவிட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாயும்.

இதைவிடப் பெரிய ஓட்டை பூர்வபக்ஷம், அதாவது எதிராளியின் வாதம். பாஷ்யத்தில் எதிராளியின் பேச்சும் அதே நூலாகத்தான் தேடுபொறிக்குத் தெரியும். ஸாங்கியன் பேசுவதை சங்கரர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மேற்கோள்களும் அப்படித்தான். கீதை 7.14-இல் ‘மம மாயா’ என்பது மூலத்தில் இருக்கிறது, உரைகாரர் அதைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். கீதா பாஷ்யத்தில் மாயை அதிகம் வருகிறதே என்று கிளம்புகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

ஒவ்வொரு வரவுக்கும் ஐந்து கட்டம் போட்டால் போதும்: இடம், யார் பேச்சு, சொல் தனியா தொகையா, என்ன அடைமொழி, மூலத்துக்கு உரையா சுயமான பேச்சா. ஐந்தாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

சுவடிக்கட்டு:
ஐந்தாவது கட்டம் பற்றிச் சொன்னது தங்கம். ஜப்பானிய அறிஞர் செங்காகு மயேதா இப்படித்தான் கீதா பாஷ்யத்தையும் கேன, மாண்டூக்ய உரைகளையும் 1960-களில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். மாண்டூக்யக் கட்டுரை வந்தது சென்னை அடையாறு நூலகத்தின் பிரம்மவித்யா இதழில். உபதேச ஸாஹஸ்ரீயின் செம்பதிப்பு 1973-இல் டோக்கியோவில் வந்தது. ஹாக்கர் கோடு போட்டார், ரோடு போட்டது மயேதாதான்.

சிறு நூல்களில் இந்தச் சோதனை வேலை செய்யாது. பத்துப் பாட்டுத் துதியில் அவித்யை என்ற சொல்லே வராமல் போகலாம். வராததால் சங்கரருடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தட்சிணாமூர்த்தி ஸ்தோத்திரத்தை இதில் போட்டு ‘தேறியது’, ‘விழுந்தது’ என்று எழுதுகிறவர்கள் கருவியைத் தவறான வேலைக்கு எடுக்கிறார்கள். சீடர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்பது அங்கே வலுவான சாட்சி. நைஷ்கர்ம்யஸித்தி என்ற நூலில் சங்கரரின் சீடர் ஸுரேச்வரர் உபதேச ஸாஹஸ்ரீயை எடுத்தாள்கிறார். பிருகதாரண்யக, தைத்திரீய பாஷ்யங்களுக்கு அவரே வார்த்திகம் (உரையை விளக்கும் செய்யுள் நூல்) எழுதியிருக்கிறார். அந்த மூன்றுக்கும் வேறு சாட்சி தேவையே இல்லை.

சங்கரர் பக்கத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, அவர் காலத்து இன்னொரு அத்வைதியோடு ஒப்பிட வேண்டும். மண்டனமிச்ரரின் பிரம்மஸித்தி 1937-இல் குப்புசாமி சாஸ்திரி பதிப்பாகச் சென்னையில் அச்சேறியது. அதில் அவித்யை அநிர்வசனீயம், ஜீவனைச் சார்ந்தது என்ற பேச்சு தெளிவாக இருக்கிறது. ‘அந்தக் காலத்தில் யாருமே அப்படிப் பேசவில்லை’ என்று சொல்ல முடியாது. பேசினார்கள், சங்கரர் பேசவில்லை. சோதனைக்கு வலு வருவது இதனால்தான்.

குறிஞ்சிமுகில்:
இவ்வளவு நிதானமான ஆள் விவேகானந்தர் விஷயத்தில் ஏன் அப்படி எழுதினார்?

நடுப்பக்கம்:
1950-களின் பிற்பகுதியிலிருந்து அவர் கவனம் திரும்புகிறது. நவ இந்து மதம் என்று அவர் சொன்னது இதை: மேற்கத்திய மதிப்பீடுகளை முதலில் உள்வாங்கிக்கொண்டு, பிறகு இந்து மரபில் அவற்றுக்கு ஆதாரம் தேடுகிற போக்கு. அதில் புகழ்பெற்ற வாதம் ‘தத் த்வம் அஸி (நீ அதுவே) அறநெறி’ பற்றியது. ‘அயலானும் நீயே, ஆகவே அவனை நேசி’ என்று உபநிஷத்திலிருந்து அறத்தை வருவிப்பது ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் வேலை. அவர் வழிவந்த ஜெர்மன் பேராசிரியர் பால் டாய்சன் 1893 பிப்ரவரியில் பம்பாய் உரையில் அதைச் சொன்னார். 1896 செப்டம்பரில் விவேகானந்தர் கீல் நகரில் டாய்சனைச் சந்தித்தார். அதே நவம்பரில் லண்டனில் செயல்முறை வேதாந்தம் பற்றிய உரைகள். 1897-இல் கும்பகோணத்தில் பேசும்போதும் ஆன்ம ஒருமையே ஒழுக்கத்தின் அடித்தளம் என்ற கருத்து மையமாக வருகிறது. ஆகவே மூலம் டாய்சன் என்கிறார் ஹாக்கர்.

பாமதிவழி:
தேதிகளை வரிசையாக வைத்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா? டாய்சனே கீதை 13.28-ஐத்தான் கையில் எடுத்தார்: எங்கும் சமமாக இருக்கும் ஈச்வரனைப் பார்க்கிறவன் தன்னால் தன்னை அழிப்பதில்லை. விவேகானந்தர் அந்தச் சுலோகத்துக்குக் கீல் வரை போகவேண்டியதில்லை.

நடுப்பக்கம்:
சுலோகம் இருந்தது, சரி. ஆனால் அதற்கு சங்கரர் எழுதிய உரையில் அயலானை நேசி என்ற பேச்சே இல்லை. ஆன்மாவை அறியாதவன் ஆன்மாவைக் கொன்றவன் ஆகிறான் என்பதோடு முடிகிறது. ஹாக்கர் கேட்பது அந்த இடைவெளியை நிரப்பியது யார் என்று. கேள்வி நியாயம். பதில்தான் அவசரம். வேதாந்தத்தையும் வங்காள பக்தி மரபையும் ராமகிருஷ்ணரின் ஜீவசேவைக் கருத்தையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு ஜெர்மன் பேராசிரியரின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது.

சுவடிக்கட்டு:
என் கணிப்பில் முறை ஒன்றுதான், களம்தான் மாறிவிட்டது. சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்வதுதான் இரண்டு இடத்திலும். பிரம்மசூத்திர பாஷ்யம் என்ற எல்லை கட்டிய ஒரு நூல் அளவுகோலாக இருந்தபோது அது பிரமாதமாக வேலை செய்தது. நவீன காலத்தில் உரைகள், கடிதங்கள், பத்திரிகைகள், வாய்மொழி என்று எல்லை இல்லாத குவியல். அங்கே ‘இந்தச் சொல் முன்பு இல்லை’ என்று சொல்ல எவ்வளவு படித்திருக்க வேண்டும்? மேலும் ‘உண்மையான’ மரபு எது என்பதற்கு அங்கே அளவுகோலே கிடையாது. அவராக ஒன்றை நட்டுக்கொண்டார்.

அவர் இறந்த பின் 1983-இல் ஓபர்ஹாமர் பதிப்பித்த சிறு நூல் உள்ளடக்கவாதம் பற்றியது. பிறரின் தெய்வத்தையும் கொள்கையையும் ‘இதுவும் எங்களுடையதே, கீழ்ப்படி’ என்று சேர்த்துக்கொள்வது இந்தியாவுக்கே உரிய சிந்தனை வடிவம் என்றார். அந்த நூலிலேயே ஹால்ப்ஃபாஸும் வெட்ஸ்லரும் அதைக் கேள்வி கேட்டார்கள். அதே காலத்தில் கத்தோலிக்க இறையியலில் ரானர் ‘பெயர் அறியாக் கிறிஸ்தவர்கள்’ என்று பேசிக்கொண்டிருந்தார். ஹாக்கர் அதையும் கடுமையாக எதிர்த்தார். ஆகவே வெறும் இந்து எதிர்ப்பு என்று அவரைக் குறுக்க முடியாது. இரு பக்கமும் எல்லை கலைவதைப் பொறுக்காதவர்.

தேடுபொறி:
சங்கரர் பக்கத்திலும் ஒரு இடத்தில் அவர் எல்லை தாண்டினார். யோகசூத்திர பாஷ்ய விவரணம், அதாவது யோகசூத்திர உரைக்கு எழுதிய உரை. 1952-இல் சென்னை அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலக வரிசையில் போலகம் ஸ்ரீராம சாஸ்திரியும் எஸ்.ஆர். கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் பதிப்பித்தது. முடிவுரை சங்கரபகவத்பாதர் என்கிறது. 1968-இல் ஹாக்கர் அதை ஏற்று, சங்கரர் முதலில் யோகியாக இருந்து பிறகு அத்வைதியானார் என்றார். இங்கே நான்கு சொல் சோதனை உதவாது. யோகநூலுக்கு உரை எழுதும்போது அவித்யையே யோகத்தின் கலைச்சொல். டி.எஸ். ருக்மிணி மறுத்து எழுதினார், இன்றும் வழக்கு முடியவில்லை.

குறிஞ்சிமுகில்:
சரி, கையில் எடுத்துப் பார்க்க எந்த நூல்?

சுவடிக்கட்டு:
இரண்டை அருகருகே வையுங்கள். ஒன்று ஆத்மபோதம், 68 பாடல்தான், ஒரு மாலையில் கட்டம் போட்டுவிடலாம். 14-ஆம் பாடலில் ‘அநாத்யவித்யா அநிர்வாச்யா காரணோபாதி:’ என்று அவித்யைக்கே அநிர்வாச்யம் வந்து நிற்கும்; 24-இல் ஸச்சிதானந்தம். மற்றொன்று உபதேச ஸாஹஸ்ரீயின் உரைநடைப் பகுதி, மூன்று பிரகரணம் (அத்தியாயம்). இரண்டாவதில் மாணவன் ‘அவித்யை என்பது என்ன, எதைப் பற்றியது’ என்று நேராகவே கேட்கிறான். ‘ஒன்றின் தன்மையை வேறொன்றின்மேல் ஏற்றுவது’ என்று குரு பதில் சொல்கிறார், பொருளாகவோ சக்தியாகவோ சொல்லவில்லை.

பாமதிவழி:
கூடவே சுவேதாச்வதர உபநிஷத் பாஷ்யத்தின் முன்னுரையையும் புரட்டுங்கள். புராண மேற்கோள்கள் பக்கக்கணக்கில் ஓடும். அது சங்கரர் கை அல்ல என்பதற்கு நான்கு சொல்லும் வேண்டாம்; இதில் ஹாக்கர் கட்சியோடு எனக்குத் தகராறு இல்லை.